ஸ்டேசனுக்கு எதிரே சுல்தான்

என்னைக் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை ஜவாஹிர் ஒரு ஊரைக் கட்டினார். இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் ராஜாவோ மந்திரியோ என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் வண்டிக்காரர். மலைத் தோட்டங்களிலிருந்து கோப்பி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொழும்புத் துறைமுகம் வரை மாட்டு வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பும்போது அரிசியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வருகிறவர். அவருடைய வாப்பாவும் அதே ரோட்டில் அதே வேலையைத்தான் செய்தார். மாடுகளைப் பற்றி என் மாப்பிள்ளைக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. மற்ற விஷயங்களிலும் தெரியாதது ஒன்றும் இல்லை என்று அவரே சொல்வார்.

கண்டிக்கு ரயில் வரப்போகிறது, வழியில் பேராதனையில் ஒரு ஸ்டேசன் கட்டுகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது வண்டிக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கோப்பி முழுவதும் ரயிலில் போய்விட்டால் கொழும்பு ரோட்டில் வண்டிக்கு என்ன வேலை? ரயிலாவது மலை ஏறுவதாவது, கடுகண்ணாவையில் மூச்சு முட்டி நின்றுவிடும் என்று சிலர் ஆறுதல் பேசினார்கள். என் மாப்பிள்ளை அப்படிப் பேசவில்லை. அதை நான் மெச்சத்தான் வேண்டும்.

"கோச்சி வாறது வாறதுதான்," என்றார். "ஆனா தோட்டத்துலருந்து ஸ்டேசனுக்கு கோப்பி எப்பிடி வரும்? பறந்தா வரும்? வண்டியிலதான் வரோணும். நாம எல்லாரும் ஒண்டா ஸ்டேசனுக்குப் பக்கத்துல போயிருவோம்."

ஸ்டேசன் எழும்பிக்கொண்டிருந்த இடத்துக்கு எதிரே, ரோட்டுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு பாறைக்காடு சும்மா கிடந்தது. லொக்கு மெணிக்கே என்ற சிங்களப் பெரிய வீட்டு அம்மாவின் நிலம். குத்தகைக்குத் தர அவள் சம்மதித்தாள். ஆனால் வயலில் ஒரு கால் வைக்கக் கூடாது, பலா மரம் ஒன்றைக்கூட வெட்டக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். வயலையும் மரங்களையும் கழித்துப் பார்த்தால் மிச்சம் கிடந்தது ஒரு நீளத் துண்டு. அதற்குள் வண்டிக்காரர் வீடுகள், கடைகள், சின்னதாக ஒரு தொழுகைப் பள்ளி, கிணறு, மாடு கட்டும் மடுவம் எல்லாம் அடங்க வேண்டும்.

அங்கேதான் என் மாப்பிள்ளை ஊர் கட்டுகிற ஆளானார். வீட்டுக்கு வீடு ஒரே சுவர், எல்லாருக்கும் ஒரே கிணறு, வெறும் முற்றத்துக்கு ஒரு சாண் நிலம்கூடக் கிடையாது என்று சட்டம் போட்டார். ஊரின் நீள அகலத்துக்கும் ஒரு அளவு சொன்னார்.

"கோச்சியால இறங்கிறவன் தலையில சுமையோடதான் இறங்குவான். அந்தச் சுமையை ஒருக்காலும் கீழ வெக்காம அவன் கடைக்கும் போகோணும், பள்ளிக்கும் போகோணும், வண்டிக்கும் வரோணும். சுமை கனக்கத் தொடங்குற எடத்துல ஊர் முடியோணும்."

நல்ல பேச்சு. எனக்கே பிடித்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை; சொன்னால் பிறகு ஒரு வாரத்துக்கு அவரோடு வீட்டில் இருக்க முடியாது.

ஆனால் யாருடைய தலைக்குக் கனக்க வேண்டும் என்று அவர் சொல்ல மறந்துவிட்டார். தன் வீடு எல்லைக்குள் விழ வேண்டும் என்று பக்கத்து வீட்டு சாஹுல் ஹமீது நானா அரை மூட்டை அரிசியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரை வரைக்கும் நடந்தார். அவருக்கு எதிரானவர்கள் நிறை மூட்டையை ஒரு நோஞ்சானின் தலையில் ஏற்றினார்கள். அவன் ஸ்டேசன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். ஒரு பொழுது முழுவதும் ஆண்கள் மூட்டையைத் தூக்குவதும் சண்டை பிடிப்பதுமாக இருந்தார்கள். கடைசியில் என் மதினி ஆஸியா உம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். மூட்டையைத் தலையில் வாங்கிக்கொண்டு நடந்தார். அவர் மூட்டையைக் கீழே போட்ட இடத்தில் குச்சி அடித்தார்கள். அதுதான் ஊரின் எல்லை.

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மாப்பிள்ளைக்கு மூத்தவர். உம்மா மௌத்தான பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு பழைய ரோட்டில் வண்டிகள் தங்கும் இடத்தில் சோற்றுக்கடை போட்டு, மகன் ஹலீமை ஆளாக்கினார். ஹலீம் இப்போது கண்டிக்கு அப்பால் கலகெதரவில் மிளகுக் கொடிகளோடும் மூன்று பிள்ளைகளோடும் இருக்கிறான். "உம்மா, இங்க வந்து இருங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அனுப்புவான். மதினி போகவில்லை. அவர் போய்விடக் கூடாது என்பது மட்டுமே எனக்கு வேண்டியிருந்தது. அக்குறணையிலிருந்து நான் கல்யாணம் முடித்து வந்த வருஷம், மாப்பிள்ளை மாதத்தில் பாதி நாள் ரோட்டில் இருந்தார். மீதிப் பாதியில் மாடுகளோடு இருந்தார். எனக்குப் பேச்சுத் துணை, சிரிப்புத் துணை, பிரசவத்தில் கையைப் பிடித்தவர் எல்லாம் மதினிதான்.

ஒருநாள் மத்தியானம் அரிசி புடைக்கச் சுளகைத் தேடினேன். காணவில்லை. என் மாப்பிள்ளை அதை மடியில் வைத்துக்கொண்டு கோப்பிக் கொட்டைகளால் ஊரைப் பரப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கொட்டையும் ஒரு வீடு. பெரிய கொட்டை பள்ளி. மதினியும் நானும் குனிந்து பார்த்தோம்.

ஸ்டேசனுக்கு நேர் எதிரே, காலை வெயிலும் ஆற்றுக் காற்றும் படும் இடத்தில், செக்கச் சிவந்த கோப்பிப் பழம் ஒன்று முழுதாக வீற்றிருந்தது.

"இது யாரு?" என்றேன்.

"அது சுல்தான்."

சுல்தான் அவருடைய மாடு. வெள்ளை நிறம், ஆள் உயரத்துக்கு எழும் திமில். அதோடு ஜோடி கட்டும் மாட்டுக்கு வஸீர் என்று பெயர். சுல்தானுக்குப் பிடிக்காத மேட்டில் வண்டி ஏறாது. பிடித்தால் கடுகண்ணாவை மேட்டில்கூட ஒரே மூச்சில் ஏறிவிடும். என் மாப்பிள்ளை என் பெயரைச் சொல்லி அழைத்ததைவிட அதன் பெயரைச் சொல்லி அழைத்ததே அதிகம். சுல்தானைச் சுற்றி மற்ற மாடுகளுக்கும் இடம், தண்ணீர்த் தொட்டி, ஜோடியோடு வண்டி திரும்ப விசாலமான வளைவு. ஊரின் நடுவே மாடுகள், ஓரத்தில் மனிதர்கள்.

சுளகின் விளிம்பில், ஊர்க்கோடிப் பாறைக்கு அடியில் வரும் இடத்தில், ஒரு உடைந்த கொட்டை கிடந்தது. மதினி அதை விரலால் தொட்டார்.

"தம்பி, இது?"

"அது ஒங்கட கடை, ராத்தா."

"பாதிக் கொட்டையாத்தான் ஈக்கி."

"கொட்டை முடிஞ்சி போச்சி, ராத்தா. அளவைப் பாக்காதீங்க, எடத்தைப் பாருங்க."

இடத்தைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். யாருடைய தலையால் ஊரை அளந்தார்களோ, அவருக்கே அளவின் கடைசி நுனி. எனக்குக் கோபம் வந்தது.

"மதினிக்கு முன்னுக்கு எடம் குடுக்க ஏலாதா? மாடு பின்னுக்கு நிண்டா மோசமா?"

"ஒனக்கு வெளங்காது, றலியா. வண்டி வந்தா மொதல்ல மாட்டை அவுக்கோணும், தண்ணி காட்டோணும், பிறகுதான் மனுசன் சோத்துக்குப் போவான். அதனாலதான் வண்டி தங்குற எந்த மடுவத்துலயும் மாடு முன்னுக்கு, சோத்துக்கடை பின்னுக்கு. வாப்பா காலத்துலருந்து அப்பிடித்தான்."

"கோச்சியை இழுக்கிறது மாடா?"

"இழுக்கிறது எதுவா இருந்தா என்ன? அதும் தண்ணி குடிக்குதாம்."

அதை அவருக்குச் சொன்னவர் கணபதி கங்காணி. ரயில் பாதை போடுகிற தமிழ் ஆட்களுக்குத் தலைவர். மதினியின் கடையில்தான் சாப்பிடுவார். இந்த ஸ்டேசனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கப் பெரிய தொட்டி கட்டுகிறார்கள், விறகும் ஏற்றுவார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். என் மாப்பிள்ளைக்கு அது போதும். விறகைத் தின்று, தண்ணீரைக் குடித்து, கடுகண்ணாவை மேட்டை ஏறி வந்த ஒன்று, கால் நீட்டிப் படுக்காமல் மறுபடி புறப்படும் என்பதை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அவருடைய வாழ்க்கையில் மேடேறி வந்து தண்ணீர் குடித்த எதுவும் மறுநாள் விடியாமல் அசைந்ததில்லை. ரயில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணபதி கங்காணியிடம் அவர் கேட்கவில்லை. சாஹுல் ஹமீது நானா கேட்கவில்லை. வண்டிக்காரர் ஒருவருக்குமே அது கேட்க வேண்டிய கேள்வியாகத் தோன்றவில்லை.

ஆகையால் ரயிலில் வருகிறவர்கள் படுத்துத் தூங்க நீளக் கொட்டில் ஒன்று கட்டினார்கள். பாய்கள் வாங்கி அடுக்கினார்கள். ரயிலை ஓட்டி வரும் வெள்ளைக்காரனுக்கு என்று தனியாக ஒரு கயிற்றுக் கட்டில். அவன் உயரமாக இருப்பானே என்று கால்மாட்டில் ஒரு பெட்டி வேறு.

மதினி குறை சொல்லவில்லை. பாறைக்கு அடியில் போய் அடுப்புப் போட்டார். "இங்க குளிர்ச்சியா ஈக்கி, றலியா," என்றார். குளிர்ச்சிதான். பாறையிலிருந்து நாள் முழுவதும் தண்ணீர் சொட்டியது.

பயணிகளோடு முதல் ரயில் வருகிற நாள் வந்தது. விடியலிலிருந்தே மதினியும் நானும் சமைத்தோம். பெரிய அண்டாவில் சோறு, கருவாட்டுக் கறி, பலாக்காய்க் கறி, பருப்பு, தேங்காய்ச் சம்பல், சுடச்சுட ரொட்டி. கித்துள் கருப்பட்டியோடு குடிக்கக் கோப்பி கொதித்துக்கொண்டிருந்தது. ராத்திரி தங்கப் போகிற கூட்டம், மறுநாள் காலைக்கும் பசிக்கும் என்று மாவும் கரைத்து வைத்திருந்தோம். என் மாப்பிள்ளை வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, சுல்தானின் கொம்புகளுக்கு எண்ணெய் தடவி, அதன் பக்கத்தில் நின்றார். யார் யாரை வரவேற்கப் போகிறார்கள் என்று தெரியாதபடி இரண்டு பேரும் ஒரே மாதிரி நின்றார்கள்.

ரயில் வந்தது. ஊதியதே ஒரு ஊதல், அதில் நடு ஊர் எழுந்து ஓடியது. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு தொட்டியைக் கவிழ்த்தன. ஒன்று படுக்கைக் கொட்டிலுக்குள் புகுந்து பாய்களின் மேல் நின்றது. வண்டிக்காரர்கள் வயல் பக்கம் கையை விரித்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு குளம்பு வயலில் பட்டாலும் லொக்கு மெணிக்கே எல்லாரையும் கிளப்பிவிடுவாள். சுல்தான் மட்டும் ஓடவில்லை. ரயிலை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஸ்டேசன் வாசலுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் இருந்த ஒரே பாதையில் மடங்கிப் படுத்து அசை போடத் தொடங்கியது.

பயணிகள் இறங்கினார்கள். தோட்டத்துக்குப் போகிற சனங்கள், ஒரு செட்டியார், குடை பிடித்த ஒரு கிளாக்கர். கறி மணம் அவர்களுக்கு எட்டியிருக்க வேண்டும். பாறைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் நடுவில் சுல்தான். இந்தப் பக்கம் சேறு, அந்தப் பக்கம் வெறி பிடித்த மாடுகள். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் மட்டும் துணிந்து சுல்தானைச் சுற்றி, சேற்றில் காலை வைத்து, வண்டிகளுக்கு நடுவே புகுந்து எங்களை நோக்கி வந்தாள்.

"நல்லம்மா! சீக்கிரம் வா, பொறப்படுது!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள்.

மறுபடி ஊதல். நல்லம்மா நின்றாள். எங்கள் அண்டாவைப் பார்த்தாள், ரயிலைப் பார்த்தாள். பிள்ளை கையை நீட்டி அழுதது. மதினி இரண்டு ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். நாற்பது வருஷம் அடுப்படியில் நின்ற கால்கள், வேகமாகத்தான் ஓடின. சுல்தானைச் சுற்றுவதற்குள் அந்தப் பெண் ரயில் பெட்டிக்குள் ஏறிவிட்டாள். ரயில் கண்டிப் பக்கம் போய்விட்டது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் ஒரு வெற்றிலை போட்டு முடித்திருக்க மாட்டார்கள்.

ரொட்டியோடு மதினி நின்ற நிற்பை என்னால் பார்க்க முடியவில்லை.

கணபதி கங்காணி தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"என்னங்க கங்காணி, போயிட்டே!" என்றார் என் மாப்பிள்ளை. "படுக்க இல்லையா?"

"படுக்கிறதா? தண்ணி புடிச்சா போயிரும்ங்க. நாளைக்கும் வரும், அப்பவும் அப்படித்தான்."

"நீங்க ஒரு வார்த்தை செல்ல இல்லையே."

"நீங்க கேக்கலையே. கட்டில் கட்டுறீங்களேனு பார்த்தேன், யாரோ மாமியார் வர்றாங்கன்னு நெனைச்சேன்."

அந்தச் சோற்றை மூன்று நாள் ஊரே தின்றது. பாலத்தடிப் பிச்சைக்காரர்கள் தின்றார்கள், லொக்கு மெணிக்கே வீட்டு ஆட்கள் தின்றார்கள். வெள்ளைக்காரனின் கட்டிலில் சாஹுல் ஹமீது நானா மத்தியானத் தூக்கம் போட்டார்.

மதினி வெளியில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ராத்தொழுகை முடிந்து பாயைச் சுருட்டும்போது என்னிடம் சொன்னார்: "யாவாரம் போனா போகட்டும், றலியா. அந்தப் புள்ள கையை நீட்டினது கண்ணுக்குள்ளயே ஈக்கி. எவ்வளவு காலம் சோறு போட்டீக்கிறேன், பசியோட ஒருத்தரை வாசல்ல வெச்சித் திருப்பினதில்லை. இந்த ஊர்ல எனக்கு வாசலே இல்லையே."

அன்றைக்கே என் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். மாடுகள் பாறையடிக்குப் போக வேண்டும், மதினி முன்னுக்கு வர வேண்டும். கோச்சி நிற்காது என்றால் சோறு கோச்சிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவரும் ஒத்துக்கொண்டார். மற்ற மாடுகளைப் பின்னால் கட்டியதும் அவை பேசாமல் நின்றன. சுல்தானையும் வஸீரையும் கொண்டுபோய்க் கட்டினார். காலையில் போய்ப் பார்த்தால், சுல்தான் அறுந்த கயிற்றை இழுத்துக்கொண்டு பழைய இடத்தில் படுத்திருந்தது. வஸீர் பக்கத்தில். மறுநாள் சங்கிலி போட்டார். சங்கிலியோடு முளையும் பெயர்ந்து வந்தது. என் மாப்பிள்ளை அதன் திமிலைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். முகத்தில் அவ்வளவு பெருமை.

"பாத்தியா? அவனே செல்லிட்டான். எனக்கு என்ன செய்ய ஏலும்?"

"சுல்தான் செல்றதைக் கேக்க ஒங்களுக்குக் காது ஈக்கி. ராத்தா செல்லாததைக் கேக்கத்தான் காது இல்லை."

அவர் மாட்டுக்குப் புல் போடப் போய்விட்டார்.

ஒவ்வொரு நாளும் ரயில் வந்தது, தண்ணீர் பிடித்தது, போனது. சுல்தான் அசை போட்டது. பாறையடியில் மதினி சமைத்த சோற்றை வண்டிக்காரர்களும் கணபதி கங்காணியின் ஆட்களில் சிலரும் சாப்பிட்டார்கள். மிச்சத்தைக் காகம் சாப்பிட்டது. இப்படிக் கொஞ்ச நாள் போன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்த தம்பியிடம் மதினி சொன்னார்:

"தம்பி, நான் ஹலீம்கிட்டப் போறேன். வண்டி பூட்டித் தா."

என் மாப்பிள்ளை என்ன செய்திருக்க வேண்டும்? காலைப் பிடித்திருக்க வேண்டும். போகாதீங்க ராத்தா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"சரி, ராத்தா. நாளைக்கு விடிய நானே கொண்டுபோய் விடுறேன்."

அவ்வளவுதான். அந்த மனிதரோடு நான் பேசவில்லை. கறியில் உப்புப் போடவில்லை. அவர் உப்பில்லாத கறியைச் சாப்பிட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். ஊர் கட்டப் போகிறார் போலிருக்கிறது, கட்டட்டும், மாடுகளைக் குடியேற்றட்டும் என்று நினைத்துக்கொண்டு நான் மதினியின் பானைகளை வைக்கோலில் சுற்றி அழுதேன். மதினிதான் என்னைத் தேற்றினார்.

"கலகெதர என்ன மக்காவுலயா ஈக்கி? வந்து போகலாம், புள்ள."

விடிந்தது. அப்போதும் நாங்கள் பழைய ரோட்டு வீட்டில்தான் குடியிருந்தோம். புது ஊரில் எங்கள் வீட்டுக்கு இன்னும் கூரை வேயவில்லை. சுல்தானையும் வஸீரையும் பூட்டி, வண்டியில் அண்டா, சட்டிகள், அம்மிக்கல், மதினியின் பெட்டி எல்லாம் ஏற்றினார் என் மாப்பிள்ளை. மதினி பின்னால் ஏறிக்கொண்டார். கண்டிப் பக்கம் திரும்பும் சந்தி வரைக்கும் போய் வழியனுப்பலாம் என்று நானும் ஏறினேன்.

சந்தி வந்தது. வண்டி கண்டிப் பக்கம் திரும்பவில்லை. ஸ்டேசன் பக்கம் இறங்கியது.

"தம்பி, வழி இதில்லையே," என்றார் மதினி.

"சுல்தானுக்குத் தெரியும் வழி."

சுல்தானுக்குத் தெரிந்த வழி எது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். நேராகத் தன் இடத்துக்கு வந்து நின்றது. ஆனால் அங்கே அதன் முளை இல்லை. தொட்டி இல்லை. நேற்று வரைக்கும் சேறாகக் கிடந்த தரையில் ஆற்று மணல் போட்டு, மண் மிதித்து, மெழுகியிருந்தது. மூன்று அடுப்புக்குக் கல் வைத்திருந்தது. ஸ்டேசன் பக்கம் மூங்கிலில் நீளமாக ஒரு மேசை. அங்கிருந்து கையை நீட்டினால் ரயில் ஜன்னலைத் தொட்டுவிடலாம் என்று தோன்றியது. மாடுகளின் மணம் மட்டும் அப்படியே இருந்தது.

என் மாப்பிள்ளை இறங்கி, அண்டாவைத் தூக்கி அடுப்புக் கல்லில் வைத்தார்.

"கலகெதர வந்துட்டு, ராத்தா. இறங்குங்க."

மதினி இறங்கவில்லை. வண்டியிலிருந்தபடியே அடுப்புகளைப் பார்த்தார், தம்பியின் கைகளைப் பார்த்தார். கையெல்லாம் கொப்புளம்.

"ராத்திரிக்கு இந்தச் சுல்தான் திரும்ப வந்து இங்கதானே படுப்பான்," என்றார். "நானும் அவனும் ஒரே பாய்லயா படுக்கிறது?"

"வரமாட்டான்."

"சங்கிலியைப் பேத்தவன்."

"கலகெதரயிலருந்து வரமாட்டான், ராத்தா." என் மாப்பிள்ளை சுல்தானின் கழுத்தைத் தடவினார், எங்களைப் பார்க்கவில்லை. "அந்தப் பக்கம் கோச்சி இல்லை. குருநாகல் ரோட்டுல வண்டிக்கு வேலை ஈக்கி. உம்மா வந்தா ஒத்தாசையா இருக்கும் எண்டு ஹலீம் செல்லிக்கிட்டே இருந்தான். அவனுக்கு ஒத்தாசைக்கு இவங்க ரெண்டு பேரும் போறாங்க. இங்க நடக்கிறது சின்ன ஓட்டம், தோட்டத்துக்கும் ஸ்டேசனுக்கும். அதுக்குச் சின்ன மாடு போதும். நீங்க அந்தப் பெட்டியை இறக்குங்க."

நான் அவரோடு பேசாமல் இருந்ததை மறந்து, "இஞ்ச பாருங்க," என்றேன். பெட்டியை நானே தூக்கி இறக்கினேன். மதினி மெல்ல இறங்கி வந்து தம்பியின் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினார். சின்ன வயதில் மாட்டுக் கொட்டிலைவிட்டு வீட்டுக்கு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது தட்டுவாராம், அப்படி.

வெறும் வண்டி கண்டிப் பக்கம் போனது. சுல்தான் ஒருமுறை நின்று ஸ்டேசனைத் திரும்பிப் பார்த்தது. என் மாப்பிள்ளை இறங்கி அதன் காதருகில் ஏதோ சொன்னார். பிறகு போனது.

மறுநாள் மத்தியானம் அவர் நடந்து வந்தார். உடம்பெல்லாம் புழுதி. கை இரண்டும் வெறுமையாக இருந்தன. அதற்குமுன் நான் அவரைச் சாட்டைக்கம்பு இல்லாமல் ரோட்டில் பார்த்ததில்லை. நேராக வந்து கடையில் உட்கார்ந்தார். மதினி இலை போட்டுச் சோறு வைத்தார். பாதி சாப்பிடும் வரைக்கும் பொறுத்தார்.

"தின்னுறானா?"

"புல்லுக்குக் கொறைச்சல் இல்லை. ஹலீம்ட புள்ளைகள் மூணும் அவன்ட கழுத்தைக் கட்டிக்கிட்டு வுடுறாங்க இல்லை." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நான் வரக்கொள்ள அவன் என்னைப் பாக்கவே இல்லை, ராத்தா. அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான்."

கண்ணீர் புழுதியில் கோடு போட்டு இறங்கியது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். நாலு பேர் பார்க்கிற இடம்தான், இருந்தாலும் தடவினேன்.

அப்போது ஊதல் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் நிமிர்ந்தோம். ரயில் வளைவில் வந்துகொண்டிருந்தது. மதினி சுட்ட ரொட்டிகளை வேகவேகமாகத் தட்டில் அடுக்கினார்.

"தம்பி, வழியில குந்திக்கிட்டு ஈக்காம எழும்பு. இதைத் தூக்கிக்கிட்டு ஜன்னலுக்குப் போ."

"நானா?"

"வேற யாரு? சுல்தானா?"

சொல்லிவிட்டு மதினி வாயைப் பொத்திக்கொண்டார். என் மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். பிறகு, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் எப்படி, சிரித்துவிட்டார். கையைக் கழுவிவிட்டுத் தட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு எழுந்தார். ரயில் வந்து நின்றது. அவர் ஓடினார். அவருக்கு ரொட்டி விற்கத் தெரியாது. அதற்கென்று ஒரு குரல் அவரிடம் இல்லை. இருந்தது ஒரே குரல்தான், மேட்டில் வண்டி திணறும்போது மாட்டை ஏற்றுகிற குரல். அந்தக் குரலில், "ரொட்டீ! ஹை, ஹை, ரொட்டீ!" என்று கூவிக்கொண்டு பெட்டி பெட்டியாக ஓடினார். உள்ளேயிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜன்னல்களிலிருந்து பெரிய கைகளும் பிள்ளைகளின் சின்னக் கைகளும் நீண்டன. தட்டு வெறுமையாவதற்கு முன் ஒரு கைகூட வெறுமையாக உள்ளே போகவில்லை.

நான் அடுப்படியில் நின்று அழுதேன், நன்றாகவே அழுதேன். மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"புள்ள, ரொட்டி கருகுது," என்றார்.